கண்ணாடி அலமாரிக்குச் சேராத பரிசு

சேலத்து ஃபேர்லேண்ட்ஸ் பகுதி வீடுகளின் முன்னறையில் ஒரு காலத்தில் கண்ணாடி அலமாரி தவறாமல் இருக்கும். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் சேலத்தில் வளர்ந்தவர்களுக்கு அது நினைவிருக்கும். மேல்தட்டில் பள்ளிப் போட்டிகளில் வாங்கிய கோப்பைகள், கன்னியாகுமரிச் சங்கு, ஆக்ரா போய் வந்தவர் கொடுத்த பளிங்கு தாஜ்மகால். கீழ்த்தட்டில் கையால் செய்த சாமான்கள்: குரோஷா பின்னலில் ஒரு விரிப்பு, தீக்குச்சிகளை ஒட்டிக் கட்டிய வீடு, பாசிமணி கோத்த கைப்பை, ஓரத்தில் பூவேலை செய்த கைக்குட்டை. இவற்றில் பலவும் வீட்டுப் பெண்களுக்கு அவர்களுடைய சிநேகிதிகள் செய்து கொடுத்தவை. விருந்தாளி வந்தால் கதவைத் திறக்காமலே விரலால் சுட்டி, இது இன்னார் பண்ணிக் கொடுத்தது என்பார்கள். அந்தக் கைப்பையில் யாரும் காசு வைத்ததில்லை. அந்தக் கைக்குட்டை ஒரு நாளும் வியர்வையைத் துடைத்ததில்லை. பொருளுக்கும் கொடுத்தவருக்கும் செய்கிற மரியாதை இதுதான் என்று அந்தத் தலைமுறை உண்மையாகவே நம்பியது. அந்த நம்பிக்கையின் பின்னாலிருந்த அன்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கையால் செய்த பரிசுக்கு உரிய இடம் அலமாரி அல்ல, அன்றாடப் புழக்கம் என்பது என் கட்சி. நண்பர் ஒருவர் நமக்காக உட்கார்ந்து செய்த பொருளுக்குக் கைம்மாறு என்று ஒன்று உண்டென்றால், அதைத் தேயும்வரை பயன்படுத்துவதுதான்.

கைம்மாறு என்ற பேச்சை எடுத்தால் நம் ஊரில் முதலில் நினைவுக்கு வருவது மொய் நோட்டு. கல்யாண மண்டபத்து வாசலில் மேசை போட்டு இருவர் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் பணத்தை வாங்கி எண்ணுவார், மற்றவர் ஊர், பெயர், தொகை என்று வரிசையாக எழுதுவார். அந்த நோட்டு பத்திரமாக இருக்கும். மொய் வைத்தவர் வீட்டில் விசேஷம் வரும்போது அதைப் புரட்டிப் பார்த்து, வந்ததற்குக் குறையாமல் திருப்பிச் செய்வார்கள். மொய்யைக் கேவலமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வங்கி எட்டிப் பார்க்காத ஊர்களில் ஒரு குடும்பத்தின் பெரிய செலவைப் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து சுமக்க அது வழி செய்தது. எவர்சில்வர் குடமும் அண்டாவும் இதே கணக்கில்தான் வந்தன. கொடுத்தவர் பெயரைக் கடைக்காரரே பாத்திரத்தின் கழுத்தில் வெட்டிக் கொடுத்தார். பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925-ல் வெளியிட்ட நீண்ட கட்டுரையில், பல சமூகங்களின் வழக்கங்களை ஆராய்ந்து, பரிசு என்பதில் மூன்று கடமைகள் இருப்பதாகச் சொன்னார்: கொடுப்பது, வாங்கிக்கொள்வது, திருப்பிச் செய்வது. நம் மொய் நோட்டை அவர் பார்த்திருந்தால் தன் கட்சிக்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம் என்றிருப்பார். சிநேகிதி மூன்று வாரம் மாலைப் பொழுதுகளில் பின்னிக் கொடுத்த கூடையை இந்த நோட்டில் எந்தப் பத்தியில் எழுதுவது? ஒயர் விலையை எழுதலாம், ஆனால் அவள் கொடுத்தது ஒயர் அல்லவே. பதிலுக்கு நாமும் ஒன்று பின்னிக் கொடுத்தால் அது இன்னொரு பரிசு. முதலாவது அப்படியே நிற்கும். திருப்பிச் செய்ய வழியில்லாத பரிசில், மோஸ் சொன்ன இரண்டாவது கடமையான வாங்கிக்கொள்வதே முழுப் பாரத்தையும் ஏற்கிறது. எப்படி வாங்கிக்கொள்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அப்படி வாங்கிக்கொண்டவர்களில் எனக்குத் தெரிந்த சிறந்த உதாரணம், நண்பராக இருக்கவே முடியாத இடத்தில் இருந்த ஒருவர். தென்னாப்பிரிக்காவில் இந்தியர் போராட்டம் உச்சத்தில் இருந்தபோது காந்தியைச் சிறையில் அடைத்த அரசின் அமைச்சர் ஜான் ஸ்மட்ஸ். ஒப்பந்தம் முடிந்த கூலிகள் மீதிருந்த மூன்று பவுன் வரியை எதிர்த்து 1913-ல் நடந்த வேலைநிறுத்தத்திலும் நடைப்பயணத்திலும் கலந்துகொண்டவர்களில் பெருந்தொகையினர் தமிழர்கள். சிறையிலிருந்து வந்த கையோடு இறந்துபோன தில்லையாடி வள்ளியம்மையின் பெயரை நம் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். 1914-ல் உடன்பாடு ஏற்பட்டு, வரி ஒழிந்து, அந்த ஜூலையில் காந்தி அந்த நாட்டை விட்டுக் கிளம்பினார். அப்போது ஸ்மட்ஸுக்கு ஒரு ஜோடி தோல் செருப்பு பரிசாகப் போய்ச் சேர்ந்தது. சிறையில் இருந்தபோது காந்தி தம் கையாலேயே அதைச் செய்தார் என்று ஸ்மட்ஸ் பின்னாளில் எழுதினார். அந்த வேலை காந்திக்கு வந்த வழியும் நட்புதான். அவருடைய தோழர் ஹெர்மன் காலன்பாக், மரியன்ஹில் மடத்துத் துறவிகளிடம் செருப்புத் தைக்கக் கற்றுவந்து, 1910-ல் தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணையில் காந்திக்கும் மற்றவர்களுக்கும் சொல்லிக் கொடுத்தார். தமிழ்க் குடும்பங்கள் பலவும் வாழ்ந்த பண்ணை அது.

ஸ்மட்ஸ் அந்தச் செருப்பை என்ன செய்தார்? சட்டம் போட்டுப் பெட்டியில் மாட்டவில்லை. தம் பண்ணையில் பல கோடைகாலங்கள் அதைக் காலில் போட்டு நடந்தார். அவ்வளவு பெரிய மனிதரின் செருப்பில் நிற்கத் தமக்குத் தகுதியில்லை என்ற எண்ணம் இருந்தும் அணிந்ததாக, காந்தியின் எழுபதாவது பிறந்தநாளுக்காக ராதாகிருஷ்ணன் தொகுத்த மலரில் அவர் எழுதியிருக்கிறார். 1939-ல் அந்தப் பிறந்தநாளையொட்டிச் செருப்பை காந்திக்கே திருப்பியும் அனுப்பினார். தகுதியில்லை என்று நினைக்கிற மனிதன் சாதாரணமாகப் பொருளைத் தொடாமல் உயரத்தில் வைத்துவிடுவான்; அது எளிது. ஸ்மட்ஸ் அந்தக் கூச்சத்தோடேயே காலை உள்ளே நுழைத்தார். தோலின் வார் எந்த விரலை உரசும், குதிகால் எந்தப் பக்கம் சாய்ந்து தேயும் என்பதெல்லாம் அணிந்தவருக்கு மட்டுமே தெரியும். எதிரியாக இருந்த ஒருவரின் கைவேலையை ஒவ்வொரு கோடையிலும் அப்படித் தெரிந்துகொண்டதை நான் பெரிய செயலாகவே கருதுகிறேன். காந்தியைப் பற்றிப் புகழ்ந்து எழுதியவர்கள் ஆயிரம் பேர். இவரோ அவர் செய்த செருப்பில் நடந்தார்.

இதற்கு எதிர்ப்புறத்தில் அதே காந்தியின் இன்னொரு பரிசு இருக்கிறது. 1947 நவம்பரில் இளவரசி எலிசபெத்தின் திருமணத்துக்கு, காந்தி தம் கையால் நூற்ற நூலைக் கொண்டு பின்னிய ஒரு விரிப்பு லண்டன் போயிற்று. நடுவில் 'ஜெய்ஹிந்த்' என்ற எழுத்துப் பின்னல். நூற்பு அவருடையது, பின்னியவர் வேறொருவர். காட்சிக்கு வைக்கப்பட்ட ஆயிரக்கணக்கான பரிசுகளுக்கிடையே அதைப் பார்த்த மேரி அரசி, காந்தி கட்டும் இடுப்புத்துணி என்று நினைத்து முகம் சுளித்ததாக அந்நாளிலேயே பேச்சு எழுந்தது. எலிசபெத் அரசி அதைப் பல பத்தாண்டுகள் பத்திரமாகக் காத்தார். இந்தியப் பிரதமர் ஒருவருக்குத் தாமே எடுத்துக் காட்டியும் இருக்கிறார். அந்த அக்கறையில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனாலும் அந்த விரிப்பு பிறந்த நாளிலிருந்து காட்சிப்பொருளாகவே இருந்தது. அதன் மேல் ஒரு தட்டு வைத்திருந்தால், ஒரு முறை துவைத்து உலர்த்தியிருந்தால், அது என்ன பொருள் என்ற சந்தேகமே எழுந்திருக்காது. பயன் தெரியாத இடத்தில்தான் பொருளைப் பற்றிய தவறான கதைகள் முளைக்கின்றன.

பயன்படுத்தினால் அழிந்துவிடுமே, அழிந்தபின் நினைவுக்கு என்ன மிஞ்சும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கவலைதான். கொடுத்தவர் இறந்துவிட்டால் அந்தக் கவலையோடு நான் வழக்காட மாட்டேன். கை மறைந்தபின் கைவேலை வேறொரு பொருளாகிவிடுகிறது; அதை எடுத்து வைப்பதே சரி. ஆனால் கொடுத்தவர் நாலு ரோட்டுக்கு அந்தப் பக்கம் உயிரோடு இருக்கும்போதே அவர் செய்ததை நினைவுச்சின்னமாக்குவது எனக்கு ஒப்பவில்லை. ஒயர் கூடையையே எடுத்துக்கொள்ளுங்கள். ரோலைப் பிரித்து, அளந்து நறுக்கி, ஒவ்வொரு ஒயரையும் சரிபாதியாக மடித்து அடிப்பாகத்தைப் போட வேண்டும். முடிச்சு ஒவ்வொன்றையும் ஒரே இழுப்பில் இறுக்க வேண்டும். ஒன்று தளர்ந்தாலும் கூடை ஒரு பக்கம் சாயும், அந்த வரிசை முழுவதையும் அவிழ்க்க வேண்டி வரும். நெல்லிக்காய், சிவன் கண் என்று முடிச்சுக்கு முடிச்சு விரலில் ஒயர் பதிகிற இடம் மாறும். பின்னி முடிக்கும்போது சுட்டுவிரல் ஓரத்தில் தோல் உரிந்திருக்கும். இவ்வளவு இறுக்கமும் எதற்காக? டிபன் கேரியரும் தண்ணீர் பாட்டிலும் வைத்து பஸ்ஸில் தூக்கிப் போனாலும் அடி தொங்கக் கூடாது என்பதற்காக. அலமாரியில் நிற்கப் போகிற கூடைக்கு அந்த இறுக்கம் தேவையே இல்லை. சாம்பார் சிந்தி, கழுவி, வெயிலில் காய்ந்து நிறம் வெளுத்த பிறகும் அடி தாங்குகிறது என்று தெரிய வரும்போதுதான் பின்னியவளின் விரல்வலி வீண் போகவில்லை என்பது இரண்டு பேருக்குமே தெரிகிறது. அலமாரிக் கூடை அந்தச் சோதனைக்கு உட்படாததால் அவள் திறமைக்குச் சான்று கிடைக்காமலே போகிறது.

திறமையே இல்லாமல் செய்து கொடுத்தால்? கோணலாகத் தைத்த சட்டை, ஒழுகுகிற மண்ஜாடி, நாக்கில் வைக்க முடியாத ஊறுகாய்? இதற்கும் ஆய்வுலகில் ஒரு சாட்சி இருக்கிறது. மைக்கேல் நார்ட்டன், டேனியல் மோச்சன், டான் ஏரியலி ஆகிய மூவரும் 2012-ல் வெளியிட்ட ஆய்வில், சாதாரண மனிதர்களைக் காகிதக் கொக்கும் தவளையும் மடிக்கச் செய்து, அவற்றுக்கு என்ன விலை தரலாம் என்று கேட்டார்கள். மடித்தவர்கள் தங்கள் கோணல் கொக்குக்கு ஏறக்குறைய கைதேர்ந்தவர் மடித்ததற்குச் சமமான விலை சொன்னார்கள். மற்றவர்களுக்கும் அப்படித்தான் தோன்றும் என்று எதிர்பார்க்கவும் செய்தார்கள். மடிக்காதவர்களோ அதற்குச் சொற்ப விலையே சொன்னார்கள். செய்தவர் கண்ணுக்கும் பெறுபவர் கண்ணுக்கும் இடையே இடைவெளி இருப்பது உண்மை என்று இதிலிருந்து தெரிகிறது. ஆனால் கோணல் பரிசுக்கு அலமாரி தீர்வாகாது என்றுதான் இதிலிருந்து எனக்குப் படுகிறது. அலமாரியில் வைக்கும்போது நாம் செய்தவரின் மிகை மதிப்பை வாயால் ஆமோதித்துவிட்டு, மனதுக்குள் குறை மதிப்பை வைத்துக்கொள்கிறோம். பயன்படுத்தும்போது அந்த ஒளிவுமறைவுக்கு இடமில்லை. கை இறுக்குகிறது என்று சட்டையைத் திருப்பிக் கொடுத்துப் பிரித்துத் தைக்கச் சொல்லலாம். அடுத்த முறை உப்பைக் குறைக்கச் சொல்லலாம். குறையைச் சொல்ல முடியாத சிநேகம் அப்படியொன்றும் பெரிய சிநேகம் அல்ல என்று நினைக்கிறேன். அணியவே முடியாதது என்றால் வெட்டித் தலையணை உறையாக்குங்கள். அதுவும் புழக்கம்தான்.

சேலத்துக்காரர் எவரும் கேட்கக்கூடிய, இவற்றைவிடக் கனமான கேள்வி ஒன்று உண்டு. இந்த ஊரே கைவேலையில் வாழ்கிற ஊர். செவ்வாய்ப்பேட்டையையும் சிவதாபுரத்தையும் சுற்றி வெள்ளிக் கொலுசு உருவாகிற விதத்தைப் பார்த்தால், கம்பி இழுப்பவர், வளையம் கோப்பவர், பொடி வைத்து ஊதுபவர், சலங்கை வைப்பவர், மெருகு போடுபவர் என்று ஒரு ஜோடி எத்தனை வீட்டு வாசல்களைத் தாண்டிக் கடைக்கு வருகிறது! அம்மாப்பேட்டையிலும் குகையிலும் தறிச் சத்தம் கேட்டே பிள்ளைகள் வளர்ந்தார்கள். வெண்பட்டு வேட்டி அந்தத் தறிகளில் பிறந்தது. தலைமுறைத் திறமை உள்ள இந்தக் கைகளின் வேலையை எடைபோட்டுப் பேரம் பேசி வாங்கிவிட்டு, சிநேகிதியின் அரைகுறைப் பின்னலைத் தலையில் வைத்துக் கொண்டாடுவது அநியாயம் இல்லையா? கடைகளும் இந்த உணர்வைக் கண்டுகொண்டுவிட்டன. ஃபுக்ஸ், ஷ்ரையர், வான் ஒஸலார் ஆகியோரின் 2015 ஆய்வு, கையால் செய்தது என்று சொல்லிவிட்டாலே அந்தப் பொருளில் அன்பு கலந்திருப்பதாக வாங்குபவர்களுக்குத் தோன்றுகிறது, அன்பானவர்களுக்கு வாங்கும்போது அதற்குக் கூடுதல் விலையும் தருகிறார்கள் என்று காட்டியது.

இதற்கான விடையைச் சேலத்து வரலாற்றிலேயே தேடலாம். இங்கே வக்கீலாக இருந்து, 1917 முதல் 1919 வரை நகராட்சித் தலைவராகவும் இருந்த ராஜாஜி, 1925-ல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். மழை பொய்த்த காலங்களில் சுற்று வட்டாரப் பெண்கள் அங்கே பஞ்சு வாங்கிப் போய் நூற்றுக் கொடுத்துக் கூலி பெற்றார்கள். அதே காலத்தில் காங்கிரஸ்காரர்கள் தாங்களே நூற்ற நூலை மாலையாக்கி ஒருவருக்கொருவர் அணிவித்தார்கள். இரண்டும் ஒரே ராட்டை, ஒரே பஞ்சு. நூலை மட்டும் கையில் எடுத்துப் பார்த்தால் வித்தியாசம் சொல்ல முடியாது. கூலிக்கு நூற்ற பெண்ணுக்கு ஊர் பட்ட கடன் காசுக்கடன். அதைக் காசாகவே, குறைக்காமல், காலத்தில் கொடுக்க வேண்டும். அவளுக்கு அன்பைக் கொடுத்து அணாவைப் பிடித்துக்கொள்வது மோசடி. மாலையாக நூற்றவருக்குக் காசு கொடுத்தால் அவமதிப்பு. அன்பை முதலாக்கி விற்கிற கடைகள் இந்த இரண்டு கடன்களையும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. கொலுசுத் தொழிலாளிக்கு நாம் காட்ட வேண்டியது நெகிழ்ச்சியை அல்ல, சரியான கூலியை. அதைக் கொடுத்தவர் சிநேகிதியின் கூடையைக் கொண்டாடுவதில் யாருக்கும் அநியாயம் நேராது. கொலுசு செய்தவர் எந்தக் காலுக்கு என்று தெரியாமல் செய்தார். சிநேகிதி எந்தக் கை தூக்கும் என்று தெரிந்து கைப்பிடியின் நீளத்தை முடிவு செய்தாள். திறமையில் அவள் தோற்கலாம், அந்த அறிதலில் தோற்பதில்லை.

கைவேலையைப் புகழ்கிற எந்தப் பேச்சும் நம் நாட்டில் சாதியைத் தாண்டாமல் போக முடியாது. அதே ராஜாஜி முதலமைச்சராக இருந்த 1953-ல், பள்ளி நேரத்தைக் குறைத்து மீதி நேரத்தில் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைக் கற்கலாம் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தபோது, அதைக் குலக்கல்வி என்று பெயரிட்டு பெரியார் எதிர்த்தார். 1954-ல் ராஜாஜி பதவி விலக, காமராசர் அதைக் கைவிட்டார். எதிர்த்தவர்கள் கைவேலையை வெறுத்து எதிர்க்கவில்லை. பிறப்பினால் விதிக்கப்படும் கைவேலை சிறை என்பதைத் தங்கள் வாழ்விலிருந்து அறிந்திருந்தார்கள். அவர்கள் பக்கமே நான் நிற்கிறேன். அதனாலேயே காந்தியின் செருப்பு இன்னும் பெரிதாகத் தெரிகிறது. தோலைத் தொடுவதே இழிவு என்று ஒதுக்கிய சமூகத்தில் வணிகச் சாதியில் பிறந்த ஒருவர், யாரும் விதிக்காமல் அந்த வேலையைத் தாமே விரும்பிக் கற்று, அதையே பரிசாகவும் கொடுத்தார். நண்பருக்காகச் செய்வதில் விதி இல்லை. இன்று பின்னலாம், நாளை விட்டுவிடலாம். இந்தச் சுதந்திரம் இருக்கிற இடத்தில் மட்டுமே கைவேலை பரிசாக முடியும்.

இந்தச் சுதந்திரம் பெண்களுக்கு எவ்வளவு இருந்தது என்ற கேள்வியை மட்டும் என்னால் முழுதாகத் தீர்க்க முடியவில்லை. முன்னறை அலமாரிகளின் கீழ்த்தட்டை நிரப்பியவர்கள் பெண்கள். தையல் டீச்சர் சொல்லிக் கொடுத்ததும் பெண்பிள்ளைகளுக்கே. சமையல் முடிந்து பாத்திரம் கழுவியபின் கிடைத்த மணி நேரத்தில் பின்னியவை அவை. ஓய்வெடுத்திருக்க வேண்டிய நேரத்தை இன்னொருவருக்குக் கொடுத்தார்கள் என்று வருத்தப்படலாம். வீட்டுக்காகச் செய்தே தீர வேண்டிய வேலைகளின் நடுவே, தாங்களே தேர்ந்த ஒருத்திக்காகத் தாங்களே தேர்ந்த ஒன்றைச் செய்தார்கள் என்றும் பார்க்கலாம். இரண்டிலும் உண்மை உண்டு. பெறுகிறவர் இதில் செய்யக்கூடியது ஒன்று: எனக்கும் ஒன்று பின்னிக் கொடு என்று கேட்காமல் இருப்பது. கேட்டு வாங்கியது வேலை. அதற்குக் கூலி உண்டு.

ஒயர் கூடையில் முதலில் போவது கைப்பிடிதான். அடியும் சுவரும் உறுதியாக இருக்கும்போதே, பாரம் முழுவதும் அந்த வளைவில் விழுந்து ஒயர் வெடித்து இழை பிரியும். கடையில் வாங்கிய பை என்றால் தூக்கிப் போட்டுவிடுவோம். சிநேகிதி பின்னியதை அவளிடமே எடுத்துப் போகலாம். அதே நிறம் கிடைக்காமல் பச்சைக் கூடைக்கு அவள் சிவப்பில் கைப்பிடி போட்டுக் கொடுப்பாள். போடும்போது எத்தனை கிலோ தூக்கினாய், எங்கெல்லாம் எடுத்துப் போனாய் என்று கேட்பாள். சொல்வதற்கு நம்மிடம் நிறைய இருக்கும்.